இந்தியாவில் குழந்தைகள் நல அமைப்புகளுக்கும் இளைஞர் நீதி அமைப்புகளுக்கும் இடையிலான ஒருங்கிணைப்பு

இந்தியாவில் குழந்தைகள் நல அமைப்புகளுக்கும் இளைஞர் நீதி அமைப்புகளுக்கும் இடையிலான ஒருங்கிணைப்பு என்பது, ஆதரவற்ற அல்லது ஆபத்தில் இருக்கும் குழந்தைகளைக் கவனிக்கும் அமைப்புகளும், குற்றம் இழைத்ததாகக் கூறப்படும் சிறாரை விசாரிக்கும் அமைப்புகளும் ஒரே குழந்தையைக் குறித்துச் சேர்ந்து செயல்படுவதற்கான சட்ட ஏற்பாடுகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். முதல் வகையில் குழந்தைகள் நலக் குழுவும், இரண்டாம் வகையில் இளைஞர் நீதிக் குழுமமும் முதன்மையானவை. இரண்டையும் உருவாக்கியது ஒரே சட்டம். சனவரி 15, 2016 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதி (குழந்தைகள் கவனிப்பும் பாதுகாப்பும்) சட்டம், 2015 என்பதே அது. 18 வயது நிறைவடையாத அனைவரையும் இச்சட்டம் குழந்தை என்றே குறிக்கிறது.

தமிழில் குழு, குழுமம் என்னும் சொற்கள் நெருங்கி ஒலிப்பதால் இவ்விரு அமைப்புகளும் ஒன்றே என்று பலர் எண்ணுவதுண்டு. இக்கட்டுரையில் முன்னது நலக் குழு என்றும் பின்னது நீதிக் குழுமம் என்றும் சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன.

ஒருங்கிணைப்பின் தேவை

இச்சட்டம் குழந்தைகளை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை. மற்றொன்று, கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. வீடற்றோர், தெருவில் வாழ்வோர், பிச்சையெடுப்போர், தொழிலாளர் சட்டங்களுக்கு மாறாக வேலைக்கு அமர்த்தப்பட்டோர், பெற்றோரால் கைவிடப்பட்டோர், வன்கொடுமைக்கு உள்ளானோர், குழந்தைத் திருமணத்துக்கு உள்ளாக்கப்படும் நிலையில் இருப்போர் முதலியோர் இரண்டாம் வகையில் அடங்குவர்.

எடுத்துக்காட்டாக, 14 வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டை விட்டு வெளியேறித் தொடர்வண்டி நிலையத்தில் தங்கியிருக்கிறான் என்று கொள்வோம். பழைய இரும்பு பொறுக்கி விற்பது அவன் பிழைப்பு. ஒருநாள் அவன் பையில் தொடர்வண்டித் துறைக்குச் சொந்தமான பொருள் ஒன்றும் இருக்கிறது. அவனை முதலில் காண்பவர் குழந்தைகள் உதவி மையத்தின் பணியாளர் என்றால் அவன் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுவான், குழந்தைகள் இல்லத்தில் தங்குவான், பள்ளியில் சேர்க்கப்படலாம். முதலில் காண்பவர் காவலர் என்றால் அவன் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவான். கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்படலாம். சிறுவனும் ஒருவனே, பையும் ஒன்றே. எந்தப் பதிவேட்டில் அவன் பெயர் முதலில் எழுதப்பட்டது என்பதே வேறுபாடு.

பதிவேடு வேறுபடுவது அலுவலகச் சிக்கல் மட்டுமன்று. குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளிவரும் சிறுவனை ஊர் ஒரு விதமாகவும், கூர்நோக்கு இல்லத்திலிருந்து வெளிவரும் சிறுவனை வேறு விதமாகவும் பார்க்கிறது. பள்ளியில் மீண்டும் சேர்வது, வேலை தேடுவது, காவல்துறையின் கண்ணில் மறுபடி படுவது ஆகிய அனைத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது.

வரலாறு

இரு வகைக் குழந்தைகளையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவருவது இந்தியாவில் புதிதன்று. 1919-20 இந்தியச் சிறைகள் குழுவின் பரிந்துரைகளை ஒட்டிய காலத்தில் மூன்று மாகாணங்கள் தனித்தனியே குழந்தைகள் சட்டங்களை இயற்றின. அவற்றுள் முதலாவது 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதனைப் பின்தொடர்ந்தன. குற்றம் இழைத்த சிறாரும் ஆதரவற்ற குழந்தைகளும் சென்னைச் சட்டத்தில் ஒருங்கே இடம்பெற்றனர். இதற்கு முன்பிருந்த 1876, 1897 ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் குற்றம் இழைத்தவர்களைப் பற்றி மட்டுமே பேசின.

ஒன்றாக வைத்ததில் ஓர் இடர் இருந்தது. பசியால் தெருவில் நின்ற குழந்தையும் குற்ற வழக்கில் சிக்கிய இளைஞனும் ஒரே நீதிமன்றத்தைக் காண நேர்ந்தது. இதனை மாற்ற, ஒன்றியப் பகுதிகளுக்காக இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டம், 1960 இரண்டு தனி அமைப்புகளை ஏற்படுத்தியது. புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குழந்தைகள் நல வாரியமும், குற்றம் இழைத்தோருக்குக் குழந்தைகள் நீதிமன்றமும் அமைந்தன. இன்றைய இரட்டை அமைப்பின் வேர் இங்குதான் உள்ளது.

சிறைகளில் குழந்தைகள் அடைக்கப்பட்டிருந்தது குறித்து இதழாளர் சீலா பார்சே தொடுத்த வழக்கில், நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் வலியுறுத்தியது. அதே ஆண்டில் இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் 16 வயதுக்குட்பட்ட ஆண்களையும் 18 வயதுக்குட்பட்ட பெண்களையும் உள்ளடக்கியது. நல வாரியம், இளைஞர் நீதிமன்றம் என்னும் பிரிவைத் தொடர்ந்தது. ஆயினும் விசாரணைக் காலத்தில் இரு வகையினரும் கூர்நோக்கு இல்லத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். அமைப்புகள் பிரிந்தன, கூரை மட்டும் பொதுவாக இருந்தது எனலாம்.

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா திசம்பர் 1992இல் ஏற்றது. அதன் விளைவாக வந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம் வயது வரம்பை இருபாலாருக்கும் 18 ஆக்கியது. நலக் குழு, நீதிக் குழுமம் என்னும் பெயர்கள் அதில்தான் தோன்றின. இல்லங்களும் பிரிக்கப்பட்டன. விசாரணையில் இருக்கும் சட்டத்துக்கு முரண்பட்ட சிறாருக்குக் கூர்நோக்கு இல்லம், மற்றவர்களுக்குக் குழந்தைகள் இல்லம் என்று ஆயிற்று. பிரிப்பின் நோக்கம் நல்லதே. ஆனால் பிரிவு முழுமையடைந்த பின்னரே, இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்க்க வேண்டிய குழந்தைகள் எத்தகையோர் என்னும் கேள்வி தெளிவாக எழுந்தது.

2012 திசம்பரில் தில்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொலைக்குப் பின் எழுந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 2015ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கொடுங்குற்றச்சாட்டுக்கு உள்ளான 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரை வயது வந்தோர் போல் விசாரிக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் முதற்கட்ட மதிப்பீடு பற்றியே பொதுவெளியில் அதிகம் பேசப்பட்டது. அதே சட்டத்தில் அமைதியாக இடம்பெற்ற ஒருங்கிணைப்பு விதிகள் போதிய கவனம் பெறவில்லை.

இரு அமைப்புகளின் கட்டமைப்பு

நீதிக் குழுமத்தில் குறைந்தது மூன்றாண்டு அனுபவமுள்ள பெருநகர நடுவர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் ஒருவர் முதன்மை நடுவராக இருப்பார். அவருடன் இரு சமூகப் பணியாளர்கள் இருப்பர். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டும். நலக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உள்ளனர். இதில் நடுவர் எவரும் இல்லை. எனினும் முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்கள் இதற்கு உண்டு.

நீதிக் குழுமம் நீதிமன்ற வளாகத்தில் கூடக் கூடாது, கூர்நோக்கு இல்லத்திலோ அதன் அருகிலோ கூட வேண்டும் என்பது விதி. நலக் குழு மாதத்தில் 20 நாட்களாவது கூட வேண்டும். நடைமுறையில் பல மாவட்டங்களில் முதன்மை நடுவர் தம் வழக்கமான நீதிமன்றப் பணியோடு இதனையும் சேர்த்துக் கவனிக்கிறார். எனவே குழுமம் கிழமையில் ஓரிரு நாட்களே கூடுகிறது. குழுமம் கூடாத நாளில் ஒரு தனி உறுப்பினர் முன் குழந்தையை நிறுத்தலாம் என்று சட்டம் இடம் தருகிறது.

இரண்டின் மேற்பார்வையும் வேறு வேறு. நீதிக் குழுமத்தில் தேங்கியுள்ள வழக்குகளைத் தலைமை நீதித்துறை நடுவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறார். நலக் குழு தன் நிலுவை அறிக்கையை மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கிறது. 2021ஆம் ஆண்டின் திருத்தம் (நடைமுறை: செப்டம்பர் 2022) ஆட்சியரின் பொறுப்பை மேலும் விரிவாக்கியது. ஒன்று நீதித்துறையை நோக்கியும் மற்றொன்று ஆட்சித்துறையை நோக்கியும் நிற்பதால், ஒரு கோப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது அது எங்கே நின்றது என்று கேட்கும் பொறுப்பு இயல்பாக யாருக்கும் வந்து சேர்வதில்லை. நீதிக் குழுமத்தின் நிலுவை விவரம் ஆட்சியருக்கும் தரப்பட வேண்டும் என்னும் விதி இக்குறையை ஓரளவு சரிசெய்கிறது.

காவல்துறை: முதல் கிளைவழி

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு அடுத்த நிலையான உதவி சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக நியமிக்கப்பட வேண்டும். மாவட்ட அளவில் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரின் கீழ்ச் சிறப்புச் சிறார் காவல் பிரிவு இயங்கும்; இதில் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பர். பெயர் காட்டுவது போல, இவ்வலுவலரின் பணி வழக்குப் பதிவது மட்டுமன்று. தம் முன் நிற்கும் குழந்தை எந்த வழியில் போக வேண்டும் என்று முதலில் முடிவெடுப்பவர் அவரே.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இம்முடிவுக்கு வரையறை தருகின்றன. கொடுங்குற்றம் (குறைந்தது 7 ஆண்டு சிறைத் தண்டனைக்குரியது) என்று குற்றம் சாட்டப்பட்டாலோ, வயது வந்தோருடன் சேர்ந்து செய்ததாகக் கூறப்பட்டாலோ ஒழிய முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. மற்றவற்றில் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையுடன் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். குழந்தையைப் பிடித்து வைப்பதும் கொடுங்குற்றங்களுக்கே உரியது. குழந்தையின் நலன் கருதித் தேவைப்பட்டால் மட்டுமே விலக்கு உண்டு. பிடிக்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எக்காரணத்தாலும் காவல் நிலையச் சிறை அறையிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. நலக் குழுவின் முன் நிறுத்துவதற்கும் இதே 24 மணி நேர வரம்புதான்.

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் எச்செயலும் குற்றமாகாது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்விதி, சூலை 1, 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையிலும் தொடர்கிறது. ஆகவே ஆறு வயதுக் குழந்தை திருடப் பழக்கப்பட்டிருந்தால் அது நலக் குழுவுக்கு மட்டுமே உரிய செய்தி.

பெரியவர்களால் குற்றச் செயல்களில் ஈடுபடுத்தப்படும் குழந்தைகள் இக்கிளைவழியின் நடுவில் நிற்பவர்கள். கஞ்சா பொட்டலம் கொண்டு செல்லப் பயன்படுத்தப்படும் சிறுவன் ஒரு பார்வையில் குற்றம் இழைத்தவன், மறு பார்வையில் பாதிக்கப்பட்டவன். போதைப்பொருள் விற்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துவோருக்கு 78ஆம் பிரிவும், பிற சட்டப்புறம்பான செயல்களில் ஈடுபடுத்தும் பெரியவர்களுக்கு 83ஆம் பிரிவும் ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கின்றன. இத்தகைய சிறுவன் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டாலும், கவனிப்பு தேவைப்படுவோனாயின் அவனை நலக் குழுவுக்கு மாற்றலாம் என்கின்றன மாதிரி விதிகள்.

எட்டாம் பிரிவு

ஒருங்கிணைப்பின் சட்ட அடிப்படை 8ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் உள்ள (ஜி) கூறு ஆகும். நீதிக் குழுமத்தின் பணிகளைப் பட்டியலிடும் இவ்விடத்தில், விசாரணையின் எந்தக் கட்டத்திலும் கவனிப்பு தேவைப்படுவதாகத் தெரியவரும் குழந்தையின் செய்தியை நலக் குழுவுக்கு மாற்றுவதும் ஒரு பணியாகக் கூறப்பட்டுள்ளது. சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை அதே வேளையில் கவனிப்பு தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம் என்பதையும், இரு அமைப்புகளும் சேர்ந்தே ஈடுபட வேண்டும் என்பதையும் இக்கூறு வெளிப்படையாக ஏற்கிறது. இரு வகைப் பிரிவின் மேல் கட்டப்பட்ட சட்டம், அப்பிரிவு எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தாது என்று தானே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

இதற்குத் துணையாக 17ஆம் பிரிவு உள்ளது. குழந்தை குற்றம் எதுவும் செய்யவில்லை என்று முடிவான பிறகும், அதற்குக் கவனிப்பு தேவை என்று தோன்றினால் தக்க வழிகாட்டலுடன் நலக் குழுவுக்கு அனுப்பலாம். இது இல்லாவிடில், குற்றமற்றவன் என்ற தீர்ப்போடு சிறுவன் மீண்டும் அதே நடைமேடைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

சேர்ந்து ஈடுபடுவது எப்படி என்பதற்குச் சட்டம் விரிவான செயல்முறை எதையும் தரவில்லை. கூட்டு அமர்வு உண்டா, இரு தரப்பும் முரண்பட்ட ஆணைகள் இட்டால் எது நிற்கும், மாற்றிய பின்னும் குற்றச்சாட்டு விசாரணை எங்கே தொடரும் என்பன மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் வழக்கங்களுக்கு விடப்பட்டுள்ளன. மாற்றுவதைக் கோப்பைத் தள்ளிவிடுவதாகக் கொண்டால் குழந்தை ஓர் அமைப்பை இழக்கிறது. இரண்டும் ஈடுபட வேண்டும் என்னும் சொற்களை அப்படியே கொண்டால் ஓர் அமைப்பைக் கூடுதலாகப் பெறுகிறது. இரண்டாவது பொருளே சட்டத்தின் சொற்களோடு ஒத்துப்போகிறது.

பிணையும் வீடும்

ஒருங்கிணைப்பு இல்லாமையின் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது பிணையில்தான். 12ஆம் பிரிவின்படி, எக்குற்றச்சாட்டாயினும் குழந்தையைப் பிணையில் விடுவதே பொது விதி. மூன்று விலக்குகள் உள்ளன. விடுவித்தால் அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர நேரும் என்றாலோ, ஒழுக்க, உடல், உள நிலைகளில் ஆபத்து ஏற்படும் என்றாலோ, நீதியின் நோக்கம் தோல்வியுறும் என்றாலோ மறுக்கலாம்.

இரண்டாவது விலக்கைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். குழந்தைக்கு வெளியே ஆபத்து இருக்கிறது என்பது அக்குழந்தையின் குற்றத்தைப் பற்றிய கூற்றன்று, வீட்டைப் பற்றியது. குடிக்கு அடிமையான தந்தை, ஊர் ஊராய் வேலைக்குச் செல்லும் தாய், அல்லது யாருமே இல்லாமை. இவற்றை ஆராய்ந்து மாற்று ஏற்பாடு செய்யத்தான் நலக் குழு உள்ளது. உறவினரிடம் ஒப்படைத்தல், வளர்ப்புப் பராமரிப்பு, தகுதியுள்ள நபர் அல்லது நிறுவனத்திடம் சேர்த்தல், குழந்தைகள் இல்லம் எனப் பல வழிகள் அதன் கையில் உள்ளன. அக்குழுவை அழைக்காமல் பிணையை மட்டும் மறுத்தால், வீடு சரியில்லாத சிறுவன் அக்காரணத்தாலேயே கூர்நோக்கு இல்லத்தில் இருக்க நேர்கிறது. அதே செயலைச் செய்த, வீடு சரியாக உள்ள சிறுவன் மாலையில் தாயுடன் பேருந்து ஏறிவிடுகிறான்.

பிணை கிடைத்தும் கையொப்பமிட ஆள் இல்லாதவர்களும் உண்டு. பிணை ஆணையின் நிபந்தனைகளை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற இயலாவிடில், நிபந்தனைகளை மாற்றுவதற்காகக் குழந்தையை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று இதே பிரிவு கூறுகிறது. அந்த எட்டாம் நாள், நலக் குழுவுக்குத் தகவல் தரப்பட வேண்டிய நாள் என்றும் கருதத்தக்கது.

சமூக விசாரணை அறிக்கை

குழந்தை நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்டதிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கையை அளிக்க வேண்டும். குடும்பம், வருவாய், கல்வி, நட்பு, உடல்நலம், போதைப் பழக்கம் முதலியன இதில் இடம்பெறும். நலக் குழுவின் விசாரணையிலும் 15 நாட்களுக்குள் இதைப் போன்ற அறிக்கை ஒன்று தேவை. ஆக, ஒரே வீட்டுக்கு ஒரே கேள்விகளோடு இரு வேறு அலுவலர்கள் சென்றுவரும் நிலை உண்டு. முன்னரே நலக் குழுவின் பார்வையில் இருந்த குழந்தை பின்னர் வழக்கில் சிக்கினால், பழைய அறிக்கையும் தனிநபர் பராமரிப்புத் திட்டமும் புதிய அலுவலருக்குக் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் அவை இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில் பிடிக்கப்பட்ட சிறாரின் குடும்பப் பின்னணி பற்றிய அட்டவணை இடம்பெற்று வந்துள்ளது. பெற்றோருடன் வாழ்வோர், காப்பாளருடன் வாழ்வோர், வீடற்றோர் என்பன அதன் பகுப்புகள். மிகப் பெரும்பான்மையோர் பெற்றோருடன் வாழ்வோர் என்றே அது காட்டுகிறது. இதை வைத்து, இவர்களுக்குப் பாதுகாப்புத் தேவை இல்லை என்று வாதிடுவோர் உள்ளனர். மூன்று கட்டங்கள் மட்டுமே உள்ள படிவத்தில் தந்தையின் அடியும், தாயின் இரவுப் பணியும், பாதியில் நின்ற படிப்பும் பதிவாக வழியில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கான இடம் சமூக விசாரணை அறிக்கையே.

வயது பற்றிய செய்தியில் மட்டும் சட்டம் தெளிவாக ஒன்றிணைக்கிறது. 94ஆம் பிரிவின்படி நலக் குழுவோ நீதிக் குழுமமோ பதிவு செய்த வயது, இச்சட்டத்தின் நோக்கங்களுக்கு உண்மையான வயதாகவே கொள்ளப்படும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு

2009இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இவ்வலகு அமைக்கப்பட்டது. இத்திட்டம் பின்னர் மிசன் வாத்சல்யா என்று பெயர் மாற்றம் பெற்றது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் கீழ் நிறுவனம் சார்ந்த, நிறுவனம் சாராத பாதுகாப்பு அலுவலர்கள், சட்டமும் நன்னடத்தையும் சார்ந்த அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், புறத்தொடர்புப் பணியாளர் ஆகியோர் பணிபுரிகின்றனர். இரு அமைப்புகளுக்கும் பொதுவாகப் பணியாற்றும் ஒரே அலுவலகம் இது. எனவே எழுத்தில் இல்லாத ஒருங்கிணைப்பு பெரும்பாலும் இங்குதான் நிகழ்கிறது. இரு பக்கக் கோப்புகளையும் பார்த்த ஒருவர் தொலைபேசியை எடுப்பதே பல இடங்களில் நடைமுறையாக உள்ளது. பணியாளர் பலர் ஒப்பந்த அடிப்படையில் இருப்பதால், ஒருவர் விலகும்போது அந்நினைவும் அவருடன் போய்விடுகிறது.

குழந்தைகள் உதவி எண் 1098 இச்சங்கிலியின் மற்றொரு கண்ணி. 1996இல் மும்பையில் தொடங்கிய இச்சேவையைத் தன்னார்வ நிறுவனங்களின் வலையமைப்பு நெடுங்காலம் நடத்தி வந்தது. 2023 முதல் இது அரசின் நேரடிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டு 112 அவசர அழைப்பு முறையோடு இணைக்கப்பட்டு வருகிறது.

18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறும் எவருக்கும் 46ஆம் பிரிவு நிதியுதவிக்கு வழி செய்கிறது. 21 வயது வரையிலான பின்பராமரிப்பில், எந்த வகை இல்லத்திலிருந்து வந்தவர் என்னும் பிரிவு இல்லை.

தகவல் பகிர்வும் மறைவடக்கமும்

ஒருங்கிணைப்பு என்றதும் எல்லாத் தரவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்பது பொறியாளர்களுக்கு முதலில் தோன்றும் தீர்வு. காணாமற்போன குழந்தைகளைப் பொறுத்தவரை இது பயன் தந்துள்ளது. காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு முறையீட்டிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டது. அவர்களைத் தேடுவதற்கான இணையவாசலும் காவல்துறைத் தரவுகளோடு இணைக்கப்பட்டது.

சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தைகளின் தரவு வேறு தன்மையுடையது. 74ஆம் பிரிவு இரு வகைக் குழந்தைகளின் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. 24ஆம் பிரிவின்படி, கொடுங்குற்றங்களில் சில நிலைகள் தவிர, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் ஆவணங்கள் அழிக்கப்பட வேண்டும். மறக்கப்படுவது இங்கே குழந்தையின் உரிமை. காகிதக் கோப்பை எரித்துவிடலாம். ஆனால் நான்கு அலுவலகங்களுக்கு நகலெடுக்கப்பட்ட பதிவை எங்கெங்கே நீக்குவது என்பதை முன்கூட்டியே வடிவமைக்காவிடில் அவ்வுரிமை பெயரளவில் நின்றுவிடும். பராமரிப்புத் திட்டம், உடல்நலம், கல்வி பற்றிய தகவல்கள் ஓர் அமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டியவை. குற்றச்சாட்டின் விவரம் அப்படி அனைவருக்கும் செல்ல வேண்டியதன்று.

சொற்களும் இதில் அடங்கும். குழந்தையை இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவு கூறும் நெறிகளுள் ஒன்று. ஆயினும் தமிழ் நாளிதழ்களில் சிறார் குற்றவாளி, சீர்திருத்தப் பள்ளி முதலிய பழைய சொற்களே இன்றும் பரவலாக உள்ளன.

வேறொரு வழி: இசுக்காட்லாந்து

இரு வழிகளையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்த நாடு இசுக்காட்லாந்து. கில்பிராண்டன் பிரபு தலைமையிலான குழு 1964இல் அளித்த அறிக்கை, குற்றம் செய்த குழந்தைக்கும் புறக்கணிக்கப்பட்ட குழந்தைக்கும் அடிப்படைத் தேவைகள் ஒன்றே என்று கூறியது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1971இல் குழந்தைகள் அமர்வுகள் தொடங்கின. பொதுமக்களிலிருந்து தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்ட மூவர், இரு வகைக் குழந்தைகளையும் ஒரே மேசையில் சந்திக்கின்றனர். மிகக் கடுமையான குற்றங்கள் மட்டும் நீதிமன்றத்துக்குச் செல்லக்கூடும். இந்தியாவின் 8ஆம் பிரிவு விதிவிலக்காகச் சொல்வதை இம்முறை விதியாகக் கொண்டுள்ளது.

நீதிமன்றத் தலையீடுகளும் தமிழ்நாடும்

சம்பூர்ணா பெகுரா என்பவர் 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பெப்ரவரி 2018இல் தீர்ப்பளித்தது. நலக் குழுக்களிலும் நீதிக் குழுமங்களிலும் உள்ள காலியிடங்களை நிரப்புதல், இல்லங்களில் சமூகத் தணிக்கை நடத்துதல் முதலியவற்றை வலியுறுத்திய அத்தீர்ப்பு, ஒவ்வோர் உயர் நீதிமன்றமும் தாமாகவே வழக்குப் பதிந்து கண்காணிக்குமாறு கேட்டுக்கொண்டது. உறுப்பினரே இல்லாத இரு அமைப்புகளின் ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதால் இத்தீர்ப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007இல் தொடங்கிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2017இல் நாடு தழுவிய வழிகாட்டல்களை வழங்கியது.

2022 திசம்பர் இறுதியில், தொடர்வண்டித் துறையின் மின்கலங்களைத் திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கற்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்ட சில நாட்களிலேயே இறந்தான். தாக்கப்பட்டதால் இறந்ததாக எழுந்த வழக்கில் இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். குற்றச்சாட்டு திருட்டு, மாதிரி விதிகளின்படி இத்தகைய குற்றச்சாட்டில் பிடித்து வைப்பதே விதிவிலக்கு. இதனைத் தொடர்ந்து இல்லங்களின் நிருவாகத்தை மேம்படுத்தப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. அக்குழு 2023இல் தன் அறிக்கையை அளித்தது. நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று அறியப்பட்ட துறையின் பொறுப்பில் குழந்தைகள் இல்லங்களும் கூர்நோக்கு இல்லங்களும் சேர்ந்தே இருந்து வந்தன. சிறப்புச் சேவைகளுக்கெனத் தனி இயக்ககம் வேண்டும் என்பது குழுவின் முதன்மைப் பரிந்துரைகளுள் ஒன்று.